தோட்டா தட்டுப்பாடும் அக்கா போட்ட நாலு கண்டிஷன்களும்

சாத்தூர், சிவகாசி பக்கம் ‘மருந்து’ என்று சொன்னால் மாத்திரை ஞாபகத்துக்கு வராது. பட்டாசுக்குள் போகிற வெடிமருந்துதான் வரும். எங்கள் குடும்பம் சாத்தூர். பெரியப்பா பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை அறையில் வேலை பார்த்தவர். இடது கை முழுக்கத் தீக்காயத் தழும்பு. அந்தக் கையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

அதனால்தான், 2021 தொடக்கத்தில் அக்கா அமெரிக்காவிலிருந்து வாட்ஸ்அப் காலில் வந்து, “உங்க அத்தான் இனிமே தோட்டாவ வீட்டுலயே செய்யப்போறாராம்” என்று சொன்னதும், அம்மா கேட்ட முதல் கேள்வி, “வீட்டுல மருந்தா?” என்பதாக இருந்தது.

அப்போது நான் ஜர்னலிசம் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். “நீதான் பத்திரிகைக்குப் படிக்கிறியே... இது சரியா வருமா, வராதான்னு விசாரிச்சுச் சொல்லுடி” என்று அக்கா வேலையை என் தலையில் கட்டினாள். அத்தானும், “சரி, அவளே பார்த்துச் சொல்லட்டும்” என்று விட்டுவிட்டார். நான் செய்த முதல் ‘அசைன்மென்ட்’ அதுதான். படித்தவர்கள் இரண்டே பேர்: அக்காவும் அத்தானும்.

அத்தானுக்கு எதற்குத் துப்பாக்கி?

இந்தக் கேள்வி உங்களுக்கு வரும். எனக்கும் வந்தது. அத்தான் 2005-ல் மேற்படிப்புக்காகப் போனவர். டெக்சஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகருக்கு வடக்கே வீடு. கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு, ஆபீஸ் நண்பர் ஒருவரோடு சுடும் கிளப்புக்குப் போக ஆரம்பித்தார். அட்டையில் வரைந்த வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுவது, மாதம் ஒரு போட்டி. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் ஆடப் போகிற மாதிரிதான் அவருக்கு அது. வேட்டைக்குப் போகிறவர் இல்லை. பூட்டிய இரும்புப் பெட்டியில் ஒரு 9 எம்எம் பிஸ்டல். மாதம் 100 தோட்டா. அவ்வளவுதான்.

எனக்குத் துப்பாக்கியே பிடிக்காது. அதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால், அக்கா என்னைக் கேட்டது துப்பாக்கி வேண்டுமா, வேண்டாமா என்றல்ல. தோட்டா கிடைக்காத நேரத்தில் அதை வீட்டிலேயே செய்துகொள்வது புத்திசாலித்தனமா என்றுதான்.

அலமாரி எப்படிக் காலியானது?

2020-ல் கொரோனா வந்ததும் நாம் அரிசி, பருப்பு வாங்கி அடுக்கினோம். அமெரிக்கர்கள் டாய்லெட் பேப்பரோடு தோட்டாவையும் வாங்கி அடுக்கினார்கள். அடுத்து போராட்டங்கள், அதற்கடுத்து அதிபர் தேர்தல். ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு சுற்று கூட்டம்.

அங்கே கடையில் துப்பாக்கி வாங்கப் போனால் எஃப்.பி.ஐ-யின் பின்னணிச் சோதனை ஒன்று உண்டு. 2019-ல் அப்படி நடந்த சோதனைகள் சுமார் 2.84 கோடி. 2020-ல் அது 3.97 கோடி. ஒவ்வொரு சோதனையும் ஒரு விற்பனை என்று சொல்ல முடியாது என்றாலும், கூட்டம் எப்படி ஏறியது என்பது புரியும். அந்த வருடம் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் மட்டும் 84 லட்சம் பேர் என்பது துப்பாக்கித் தொழில் அமைப்பின் மதிப்பீடு. ஆளுக்கு 50 தோட்டா உள்ள பெட்டி இரண்டு வாங்கினார்கள் என்று வைத்துக்கொண்டால்கூட, 84 கோடி தோட்டா கூடுதலாக வேண்டும்.

இன்னொரு பக்கம், பழைமையான ரெமிங்டன் கம்பெனி 2020 ஜூலையில் திவால் மனு கொடுத்தது. ஆர்கன்சா மாநிலத்தில் இருந்த அதன் தோட்டா ஆலையை விஸ்டா அவுட்டோர் என்ற கம்பெனி அக்டோபரில் வாங்கியது. தேவை உச்சத்தில் இருந்த நேரத்தில் ஒரு பெரிய ஆலை கைமாறிக்கொண்டிருந்தது. ‘தோட்டாவைப் பதுக்கிவைத்திருக்கிறீர்களா?’ என்று மக்கள் கேட்டுக் குடைந்ததில், விஸ்டாவின் தோட்டா பிரிவுத் தலைவரே வீடியோவில் வந்து, 100 கோடி டாலருக்கு மேல் ஆர்டர் நிலுவையில் இருக்கிறது, எதையும் பதுக்கவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

முன்பு 50 தோட்டா உள்ள பெட்டி 10 டாலர் அளவில் கிடைத்தது. 2021-ல் அதற்கு 40 டாலர் கேட்டார்கள். அதுவும் ஆளுக்கு ஒரு பெட்டிதான். கடை திறக்கும் முன்பே வரிசை. அத்தான் இரண்டு தடவை விடியற்காலையில் போய் நின்று வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். மூன்றாவது தடவைதான் அந்த யோசனை வந்தது.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு தோட்டாவில் நாலு பொருள்கள். வெளியே பித்தளை உறை. அதன் அடிப்பகுதியில் பிரைமர் என்று பொட்டு அளவில் ஒரு மூடி. உள்ளே பொடி. நுனியில் பறந்துபோகிற குண்டு.

தீபாவளிக்கு ரோல் கேப் வெடித்திருப்பீர்கள் அல்லவா? பிரைமரும் அதே வேலையைத்தான் செய்கிறது. துப்பாக்கியின் ஊசி தட்டியதும் பொறி விடும். அந்தப் பொறியில் பொடி எரியும். அந்த வாயுவின் அழுத்தம் குண்டைத் தள்ளும். சுட்டு முடித்ததும் பித்தளை உறை அப்படியே கீழே விழும். தோட்டாவில் விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று. அதைப் பொறுக்கி, சுத்தம் செய்து, பழைய அளவுக்கு அழுத்தி, புது பிரைமர், பொடி, குண்டு வைத்து மறுபடியும் தோட்டா ஆக்குவதைத்தான் ரீலோடிங் என்கிறார்கள். சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள அமெரிக்க மத்திய சட்டத்தில் லைசென்ஸ் தேவையில்லை. செய்து விற்கும் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும்.

பட்டாசு மருந்துக்கும் இந்தப் பொடிக்கும் வித்தியாசம் உண்டு. இதை அம்மாவுக்குப் புரியவைக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. சிவகாசியில் ரசாயனங்களைக் கலப்பதுதான் ஆபத்தான வேலை. உராய்வு பட்டாலே போதும். ரீலோடிங்கில் எதையும் கலப்பதில்லை. கம்பெனி டப்பாவில் வருகிற பொடியை அளந்து போடுவதுதான். திறந்த வெளியில் அது சரசரவென்று எரியும். அடைத்துவைத்தால்தான் அழுத்தம் கூடி வெடிக்கும். தட்டினால் வெடிக்கிற சாமான் பிரைமர்தான். எனவே, ‘வீட்டில் பட்டாசு ஆலை’ என்று அம்மா பயந்த அளவுக்கு இல்லை. ஆனால், பயமே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கும் இல்லை.

9 எம்எம் தோட்டா ஒன்றுக்கு விழும் பொடி மூன்று குன்றிமணி எடைகூட வராது. ஒரே உறைக்குள் அது தவறுதலாக இரண்டு தடவை விழுந்துவிட்டால், துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். விழாமலே போனால், குண்டு குழாயின் பாதியில் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டாலும் அதே கதிதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்

அத்தான் பார்த்துவைத்திருந்த கைமெஷின், தராசு, அச்சுகள் எல்லாம் சேர்ந்து 300 டாலர். சாதாரண காலத்தில் கடைத் தோட்டா ஒன்று 20 சென்ட். பிரைமர், பொடி, குண்டு வாங்கி நாமே செய்தால் சுமார் 14 சென்ட். மிச்சம் 6 சென்ட். 300 டாலரை எடுக்க 5,000 தோட்டா செய்ய வேண்டும். மாதம் 100 தோட்டா சுடுகிறவருக்கு அது நாலு வருடத்துக்கு மேல். புதிதாகப் பழகுகிறவர் மணிக்கு 50 செய்தால் பெரிசு. அந்த 5,000 தோட்டாவுக்கு 100 மணி நேரம் உட்கார வேண்டும்.

“இப்ப கடையில 80 சென்ட் விக்குதே, அந்தக் கணக்கப் போடு” என்றார் அத்தான். போட்டேன். பேப்பரில் லாபம் பிரமாதமாக வந்தது. ஆனால், அப்போது பிரைமர் எங்கே இருந்தது? அமெரிக்காவில் பிரைமர் செய்கிற பெரிய பெயர்கள் நாலுதான்: சிசிஐ, ஃபெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர். இவர்களே தோட்டாவும் செய்கிறார்கள். கையில் இருக்கிற பிரைமரை முதலில் சொந்தத் தோட்டாவுக்குத்தான் வைப்பார்கள். மீதி இருந்தால்தான் டப்பாவில் அடைத்து வெளியே வரும். முன்பு 1,000 பிரைமர் 30, 40 டாலருக்குக் கிடைத்தது. அந்த நாட்களில் கைமாற்றி விற்பவர்கள் 100 டாலருக்கு மேல் கேட்டார்கள். கைமெஷினுக்கே தட்டுப்பாடு.

அதாவது, தோட்டா கிடைக்கவில்லை என்று ரீலோடிங் பக்கம் போனால், அங்கேயும் அதே வரிசைதான். கடை மட்டும் வேறு.

பெரியப்பா சொன்னது

கணக்கையெல்லாம் முடித்துவிட்டு பெரியப்பாவிடம் பேசினேன். துப்பாக்கி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மருந்து பற்றித் தெரியும். விடியற்காலைக் குளிர்ச்சியில் கலவை போடுவது, இரும்புச் சாமானை உள்ளே விடாதது, அறைக்குள் ஆள் கூடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் கையோடு ஊறியது. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு இப்படிச் சொன்னார்:

“மருந்து வேலையில ரெண்டு நேரத்துல பயப்படணும் பாப்பா. ஆர்டர் குவியும்போது ஒண்ணு, சரக்கு கிடைக்காதப்ப ஒண்ணு. ஆர்டர் குவிஞ்சா கை வேகமாயிரும். சரக்கு கிடைக்கலேன்னா இருக்கறத வச்சு ஒப்பேத்துவாங்க.”

2012 செப்டம்பர் 5-ம் தேதி, சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் குறைந்தது 38 பேர் இறந்தார்கள். அது தீபாவளிக்கு முந்தைய வேலை மும்முரம். எங்கள் ஊரில் அந்த நாளை யாரும் மறக்கவில்லை.

பெரியப்பா சொன்ன இரண்டாவது விஷயம் அப்படியே அத்தானுக்குப் பொருந்தியது. ரீலோடிங் செய்பவர்களுக்கு அச்சடித்த கையேடு உண்டு. இந்தக் குண்டுக்கு இந்தப் பொடி, இவ்வளவு எடை என்று பரிசோதித்துப் போட்டிருப்பார்கள். தட்டுப்பாட்டில் அந்தப் பொடி கிடைக்காது. கிடைத்த பொடிக்கு அந்தக் குண்டு கிடைக்காது. அனுபவசாலி என்றால் கையேட்டில் வேறு சரியான ஜோடியைத் தேடுவார், இல்லையென்றால் சும்மா இருப்பார். புதிதாக வந்தவர்தான், ‘கிட்டத்தட்ட இதுவும் அதேதானே’ என்று ஒப்பேற்றுவார்.

நான் அக்காவுக்கு எழுதிய பதில் மூன்று வரிதான். ‘ரீலோடிங் கற்றுக்கொள்ளலாம். ஆனால், இப்போது வேண்டாம். கடையில் தோட்டா தாராளமாகக் கிடைக்கும்போது தொடங்கட்டும்.’

“தோட்டா கிடைச்சா அப்புறம் எதுக்குச் செய்யணும்?” என்று அத்தான் சிரித்தார். “அப்பவும் செய்யணும்னு தோணுச்சுன்னா, உங்களுக்கு நிஜமாவே ஆசை இருக்குன்னு அர்த்தம் அத்தான்” என்றேன்.

அந்த ஒன்றரை வருடம்

அத்தான் ஏற்றுக்கொண்டார். மாதம் 100 என்பதை 25 ஆக்கினார். தோட்டா இல்லாத துப்பாக்கியை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, சுவரைப் பார்த்துக் குறிவைத்து விசையை மட்டும் அழுத்திப் பழகினார். ஒரு ஏர் பிஸ்டல் வாங்கினார். அதன் ஈயக் குண்டுகளுக்கு இவ்வளவு அடிபிடி இல்லை. கிளப்பில் தன் பித்தளை உறைகளை மட்டும் பொறுக்கி டப்பாவில் சேர்த்துவைத்தார். அது நாள்பட்டாலும் கெடாது, ஆபத்தும் இல்லை.

“குறைச்சுச் சுட்டப்பதான் ஒழுங்கா குறி பார்க்கக் கத்துக்கிட்டேன்” என்பார் இப்போது. 2022-ல் விலை மெல்ல இறங்க ஆரம்பித்தது.

2023 மே

தோட்டா கிடைக்க ஆரம்பித்த பிறகும் அத்தானுக்கு ஆசை போகவில்லை. அக்காவும் அரைமனதாகத் தலையாட்டியிருந்தாள். அந்த நேரத்தில், 2023 மே 6-ம் தேதி, ஆலன் என்ற ஊரில் உள்ள மாலில் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து 8 பேரைக் கொன்றான். இறந்தவர்களில் ஐதராபாத்தைச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவரும் இருந்தார். அக்கா வீட்டிலிருந்து காரில் 20 நிமிடம். பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஷூ வாங்குகிற மால் அது.

அன்று ராத்திரி அக்கா போனில் பேசவில்லை, அழுதாள். “இந்த வீட்டுல இனி எதுக்குடி அது?” என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அட்டையைச் சுடுகிற அத்தானையும் அந்தக் கொலைகாரனையும் ஒன்றாக வைக்க முடியாது. ஆனால், 2020-லிருந்து அமெரிக்காவில் குழந்தைகள், பதின்ம வயதினர் சாவுக்கு முதல் காரணமே துப்பாக்கிதான் என்று அங்கத்திய அரசுப் புள்ளிவிவரமே சொல்கிறது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு அம்மாவுக்கு அது வெறும் புள்ளிவிவரம் இல்லை.

நாலு மாதம் அத்தான் கிளப் பக்கமே போகவில்லை. பிறகு இருவரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அக்கா நாலு கண்டிஷன் போட்டாள்.

1. வீட்டுக்குள் பொடியும் பிரைமரும் வரக் கூடாது. (டெக்சஸ் வெயிலில் கார் ஷெட் அடுப்பாகக் கொதிக்கும். அங்கே வைக்கவும் முடியாது.)

2. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்துதான் செய்ய வேண்டும்.

3. யாருக்கும் செய்து கொடுக்கக் கூடாது. காசுக்கும் கூடாது, சும்மாவும் கூடாது.

4. மறுபடி தட்டுப்பாடு வந்தால், சுடுவதைத்தான் குறைக்க வேண்டும். கிடைத்ததை வைத்துச் செய்யக் கூடாது.

நேரில் பார்த்தபோது

2024-ல் அம்மாவோடு நானும் அங்கே போனேன். கிளப்பில் எல்லோரும் மதிக்கும் 74 வயது ரிட்டயர்டு இன்ஜினீயர் ஒருவரின் பட்டறைக்கு அத்தான் என்னை அழைத்துப் போனார். மாதம் இரண்டு சனிக்கிழமை அங்கேதான் வேலை.

நான் எதையும் தொடவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன். மேஜை மேல் ஒரே ஒரு பொடி டப்பா. இன்னொரு டப்பா வேண்டுமென்றால் இது அலமாரிக்குப் போன பிறகுதான். பிரைமர் வேறு அலமாரியில். செல்போன் வாசலிலேயே. 50 உறைகளை மரத்தட்டில் நிறுத்தி, பொடி போட்டு முடித்ததும், குண்டு வைக்கும் முன்பு டார்ச் அடித்து ஒவ்வொரு உறைக்குள்ளும் எட்டிப் பார்க்கிறார்கள். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் அதைக் கொட்டிவிட்டு மறுபடி அளக்கிறார்கள். என்றைக்கு, எந்தப் பொடி, எவ்வளவு எடை என்று நோட்டில் எழுதுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் பேசவே இல்லை. முடித்ததும் ஈயம் ஒட்டியிருக்கும் என்று பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் விவரித்ததை எல்லாம் அம்மா கேட்டுக்கொண்டார். “கைய நல்லாக் கழுவினீங்களா மாப்பிள்ளை?” என்பது மட்டும்தான் அவர் கேட்டது. எங்கள் ஊர் அம்மாக்கள் மருந்து வேலைக்குப் போய் வரும் ஆண்களிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்வி அது.

நாலாவது கண்டிஷனுக்கும் வேலை வந்துவிட்டது. உக்ரைன் போரில் பீரங்கிக் குண்டுகளின் தேவை ஏறியதும், பருத்தியிலிருந்து எடுக்கும் நைட்ரோசெல்லுலோஸுக்குக் கிராக்கி. பொடி செய்ய அதுதான் மூலப்பொருள். 2024 தொடங்கும்போதே பொடி விலை ஏறியது, சில வகைகள் கடைக்கே வரவில்லை. அத்தான் வேறு பொடியைத் தேடி ஓடவில்லை. மறுபடி மாதம் 25-க்கு வந்துவிட்டார். “எனக்கும் ரெண்டு பெட்டி செஞ்சு குடுங்க” என்று கேட்ட நண்பரிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். நண்பருக்கு வருத்தம்தான்.

அமெரிக்காவில் சொந்தக்காரர் இருக்கிறார்களா?

அப்படியென்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹெச்1பி, மாணவர், டூரிஸ்ட் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் தடை போடுகிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ‘சும்மா ஒரு தடவை சுட்டுப் பார்’ என்று யாராவது கூப்பிட்டால் யோசியுங்கள்.

காலி உறையாக இருந்தாலும் ஞாபகப் பொருளாக ஊருக்கு எடுத்து வராதீர்கள். பையில் ஒரு தோட்டா கிடந்ததற்காக நம் விமான நிலையங்களில் வழக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அத்தான் எனக்குக் கொடுத்த பளபளப்பான பித்தளை உறையை நான் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிள்ளைகளை இன்னொரு வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன், ‘உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?’ என்று கேளுங்கள். அங்கே அதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அக்கா இப்போது எல்லோரிடமும் கேட்கிறாள். அவளை யாராவது கேட்டால், இரும்புப் பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டு, சாவி அத்தானிடம் மட்டும் இருப்பதையும் சொல்கிறாள்.

அக்கா முழுசாகச் சமாதானம் ஆகிவிட்டாளா என்றால் இல்லை. போன வாரம்கூட, “மூத்தவனுக்குப் பத்து வயசாகட்டும், அப்புறம் மறுபடி பேசுவோம்னு சொல்லிவச்சிருக்கேன்” என்றாள். அத்தானும் சரி என்றிருக்கிறார். இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.